பதினைந்தாம் நாற்காலி

முதல் கேள்வி நிலவைப் பற்றியது.
"ஒவ்வொரு முழுநிலவுக்கும் விடுமுறையா?
எழுத்துப் பிழையா இது?"
டென்மார்க்கிலிருந்து ஹென்ரிக் கேட்டிருந்தார்.
பிழையில்லை என்று எழுதினேன்.
போயா.
அன்றைக்கு வேலைக்குக் கூப்பிட்டால் ஒன்றரை மடங்கு சம்பளம்.
வருடத்துக்குப் பன்னிரண்டு வரும், சில வருடம் பதின்மூன்று,
அதை நிலவிடம்தான் கேட்கவேண்டும்.
ஒரு சிரிப்பு முகம் அனுப்பினார்.
நல்ல மனுஷன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய ஊர்ப் பல் வைத்தியர்களுக்கு
இங்கே இருந்து கணக்கு எழுதும் கம்பனி.
ராஜகிரியவில் ஒரு மாடி எடுத்தாயிற்று,
நாற்காலிகளும் வந்து இறங்கிவிட்டன.
சட்டம் மட்டும் மிச்சம்.
அதற்குத்தான் புதுக்கடையில் நான்,
கறுப்புக் கோட்டுத் தைக்கிற தையல்கடைக்கு மேலே,
மழைக்கு ஒழுகும் அறையில்.

சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு பன்னிரண்டு வீதம்,
அவர்களுடையது எட்டு.
நம்பிக்கை நிதியத்துக்கு மூன்று, அது முழுக்க உங்களுடையது.
பிள்ளை பெற்றால் எண்பத்து நான்கு நாள்.
"சுயாதீன ஒப்பந்தக்காரர்" என்று பெயர் மாற்றி எழுதினாலும்
வரும் நேரமும் போகும் நேரமும் நீங்கள் சொல்வதென்றால்
நாரஹேன்பிட்டியில் அவர்களை ஊழியர் என்றுதான் கூப்பிடுவார்கள்.
எல்லாவற்றுக்கும் சரி என்றார்.
ஒன்றுக்கும் பேரம் பேசவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை:
"யாரையாவது நிறுத்தவேண்டி வந்தால்?"

இதற்கும் நேர்மையாகத்தான் பதில் எழுதினேன்.
அவருடைய சம்மதம் வேண்டும், எழுத்தில்.
இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி;
மாதக்கணக்கில் இழுபடும்.
ஆனால்
(இந்த "ஆனால்" என்னுடையது, அவர் கேட்காதது)
முந்தின ஆறு மாதத்தில் சராசரியாகப்
பதினைந்து பேருக்குக் குறைவென்றால்
அந்தச் சட்டம் உங்கள் படியேறாது.
பணிக்கொடைச் சட்டமும் அதே எண்ணில்தான் விழிக்கும்.

ஒன்றேகால் மணித்தியாலம் என்று பில்லில் போட்டேன்.

மறுநாள் காலை வந்தது பதில்.
நன்றி, மிகத் தெளிவாக இருக்கிறது,
அப்படியென்றால் பதினாலோடு ஆரம்பிப்போம்.

பதினைந்தாவது ஆளுக்குப் பெயர் இருந்தது.
மரிஸ்டெல்லா, கொட்டாஞ்சேனை.
நேர்முகத்தில் பக்கத்தில் இருந்தேன்:
டேனிஷ் மொழியில் கடைவாய்ப் பல்லுக்கு என்ன சொல்வதென்று
படித்துக்கொண்டு வந்திருந்தாள்.
உச்சரிப்புச் சரியென்று ஹென்ரிக் திரையில் கைதட்டினார்.
பழைய வேலைக்குக் கடிதம் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது.
நானோ அவரோ கொடுக்கச் சொல்லவில்லை.
அதுவும் கோவையில் இருக்கிறது.

மூன்று தரம் கோல் எடுத்தாள். மூன்றாம் தரம்தான் தூக்கினேன்.
"மிஸ், நான் ஏதும் பிழையாச் சொல்லிட்டனா?"
இல்லை.
"பிறகென்ன மிஸ்?"
பின்னால் பஸ்காரன் புறக்கோட்டை, புறக்கோட்டை என்று கத்துவது கேட்டது.
சட்டத்தின் பெயரை, ஆண்டோடு, சொல்லியிருக்கலாம்.
அது அவளைக் காப்பாற்றப் போட்ட சட்டம்.
"கம்பனி இப்போதைக்கு நிப்பாட்டி இருக்குது" என்றேன்.
அவள் நன்றி சொன்னாள்.
அவரும் நன்றிதான் சொன்னார்.

கையெழுத்து வாங்க ராஜகிரியவுக்குப் போனேன்.
பதினாலு பேரும் புது அடையாள அட்டையைக்
கழுத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பம், ஒவ்வொருவருக்கும் பிரதி,
சேமலாப நிதிப் படிவத்தில் பெருவிரல் அடையாளம்.
இவ்வளவு சுத்தமான கோவை என் கையால் போனதில்லை.
ஜன்னலோரம் ஒரு நாற்காலி, பொலித்தீன் கழற்றாமல்;
அதன்மேல் யாரோ ஈரக்குடையை வைத்திருந்தார்கள்.

கீழே இறங்கும்போது இருட்டிவிட்டது.
ஆட்டோக்காரர் அண்ணாந்து பார்த்து
"இண்டைக்கா மிஸ் போயா?" என்றார்.
நாளைக்கு என்றேன்.
"பார்த்தா முழுசாத்தானே கிடக்குது."
ஓம், பார்த்தால் முழுசுதான்.
மீற்றரைப் போடச் சொன்னேன்.